கரிகாலனும் ஆந்தையும்

பெண்ணிடம் மன்னிப்புக் கேட்பதில்லை என்று தீர்மானித்தேன். ஆனால் சமாதானம் ஆகிவிட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் சாதிக்கலாம் என்று நம்புகிறவன் கல்கத்தாவில் ஒருவன்தான் இருக்க முடியும். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆன பிறகும் வீட்டில் தன் பேச்சு எடுபடும் என்று நம்புகிற குருபிரசாத். நான்தான்.

கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் எனக்கு உத்தியோகம். தப்புப் பண்ணினவர்களிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதுவது. முப்பது வருஷத்தில் ஆயிரம் பேரிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன். ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை.

எங்களுக்கு ஒரே பெண், ஹம்சினி. வங்கிப் பரீட்சையில் தேறினாள். வேலைக்கு உத்தரவும் வந்தது. நான் காளிகாட் போய்க் கும்பிட்டு, பேடா வாங்கிக்கொண்டு திரும்பினால், பெண் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். புனேயில் ஏதோ அனிமேஷன் கம்பெனியாம். படம் வரையப் போகிறாளாம்.

"போ. பொம்மை வரைஞ்சு பொழச்சுக்கோ. இந்த வாசப்படியை மறுபடி மிதிக்காதே" என்று கத்தினேன்.

என் சொல்லை இந்த வீட்டில் ஒருத்தர் அப்படியே நிறைவேற்றியது அந்த ஒரு தடவைதான்.

ஏழு மாதம் ஓடிவிட்டது. தினமும் சாயங்காலம் அவள் அம்மாவுக்குப் போன் வரும். என் மனைவி மாதங்கி போனோடு பால்கனிக்குப் போய்விடுவாள். நான் பக்கத்தில் போனால் மழையைப் பற்றிப் பேசுவாள். ஒரு நாள் போனைப் பிடுங்கி "ஹலோ" என்றேன். "சிக்னல் சரியில்லை" என்று துண்டித்துவிட்டாள் ஹம்சினி. சிக்னல் பிரமாதமாக இருந்தது. அவள் மூச்சு விட்டதுகூடக் கேட்டது.

அந்த ஜூனில் எங்கள் பேட்டை லேக் கார்டன்ஸில் மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. சுவரெல்லாம் ஈரம். ஹம்சினி தன் அறையில் வரைந்து ஒட்டியிருந்த படங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. நான் எடுத்து எடுத்து ஒட்டினேன். மாதங்கி பார்க்காத நேரமாகப் பார்த்து.

ஒரு நாள் கீரையை ஆய்ந்துகொண்டே மாதங்கி சொன்னாள்.

"மந்திரவாதிகள் சண்டை போடற ஜப்பான் தொடர் ஒண்ணு இருக்கே, அதுக்கு நெட்ல தமிழ்ல ஒரு குழு இருக்காம்."

"இருக்கட்டும்."

"அதுல 'ஆந்தை'ங்கற பேர்ல ஒருத்தி எழுதறா. அப்படியே நம்ம ஹம்சினி பேசற மாதிரியே இருக்கு."

"நம்ம ஹம்சினியா?"

"யார் கண்டா? உங்களுக்கு எதுக்குன்னா அதெல்லாம்?"

"எனக்கு எதுக்கு?" என்றேன்.

அரை மணியில் குழுவில் சேர்ந்துவிட்டேன். பெயர் கரிகாலன். வயது இருபத்துமூன்று. ஊர் திருச்சி. தலைமுடி அடர்த்தி என்றும் போட்டிருப்பேன். அதற்கு இடம் இல்லை.

திட்டம் எளிது. கரிகாலனாக அவளோடு சிநேகம் பிடிப்பது. குருபிரசாத் மாதிரியான அப்பாக்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று நைசாக எடுத்துச் சொல்வது. அவளாகவே மனம் மாறி வருவாள். நான் இறங்கி வரவே வேண்டாம்.

அதற்கு முதலில் தொடரைப் பார்க்க வேண்டுமே. விசாரித்தால், மூலக்கதை முடிந்துவிட்டது, இப்போது ஓடுவது அதன் கிளைக்கதை என்றார்கள். எனக்குத் தெரிந்த மூலம் வேறு உபாதை. அதனால் நேராகக் கிளைக்கே தாவினேன்.

ஐந்து மந்திரவாதிகள். ஒவ்வொருவனும் என்றோ செத்துப்போன மாவீரர் ஒருவரை மந்திரம் சொல்லி வரவழைக்கிறான். வீரர்கள் மோதுகிறார்கள். கடைசியில் மிஞ்சுகிற மந்திரவாதிக்கு ஒரு வரம். துறைமுகத்தில் ஐந்து அதிகாரிகள் ஒரே கிரேனுக்காக மோதிக்கொள்வதைப் பார்த்தவனுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. வரம் மட்டும்தான் புதிது.

மூலக்கதையில் முதல் நாளே தோற்றுப்போன கென்ஜோ என்கிற கிழ மந்திரவாதிதான் கிளைக்கதைக்கு நாயகன். அவன் வரவழைத்தது ஒரு வில்லரசியை. அவள் குறி தப்பாது. ஆனால் அவன் சொன்ன இடத்தில் அம்பு விட மாட்டாள். தனக்குச் சரி என்று பட்ட இடத்தில்தான் விடுவாள். ஆறாவது எபிசோடில் கென்ஜோ பொறுமை இழந்து, "போ, என் கண்ணில் படாதே" என்கிறான். வில்லைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

ஏழாவதில் கென்ஜோ தனியாக உட்கார்ந்து டீ குடிக்கிறான். இருபது நிமிஷம். வேறு ஒன்றுமே நடக்கவில்லை.

அதை நான் கிடர்பூர் பஸ்ஸில் பார்த்தேன். முன்னால் லாரி, பின்னால் கைவண்டி, நடுவே முழங்கால் தண்ணீர். பஸ் நகரவில்லை. கண்டக்டர் குனிந்து, "கீ ஹோலோ, தாதா?" என்றான். என்ன ஆச்சு என்று கேட்கிறான். கண்ணில் தூசி என்றேன். கொட்டுகிற மழையில் தூசி. அவன் மறுபேச்சுப் பேசாமல் ஜன்னலோரம் ஒருவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தான்.

குழுவில் ஆறாவது எபிசோடைப் பற்றித்தான் அடிதடி. ஆந்தை கென்ஜோவைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். நான் நுழைந்தேன்.

'மேற்படி எபிசோடில் கென்ஜோவின் தரப்பையும் பரிசீலிக்க வேண்டும்' என்று எழுதினேன்.

'திருச்சியில் இருபத்துமூணு வயசுப் பசங்க இப்படித்தான் பேசுவாங்களா?' என்று பதில் வந்தது.

'பேசுவார்கள்' என்றேன்.

'சரி சொல்லுங்க. கென்ஜோ பண்ணினது சரியா?'

'அவளுடைய நன்மைக்காகத்தான் கோபித்துக்கொண்டான்.'

'நன்மைக்குன்னா போகச் சொல்லுவானா?'

'வாய் தவறி வந்திருக்கும்.'

'தவறின வாய் திரும்பக் கூப்பிடலாமே. இத்தனை நாளா வாய்ல என்ன கொழுக்கட்டையா?'

சாட்சாத் என் பெண்தான். சந்தேகமே இல்லை. எனக்கு உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் இப்படியே போயிற்று. ஆபீஸில் மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் டைப் அடிப்பேன். வீட்டில் 'ஆபீஸ் வேலை' என்று சொல்லி ஹம்சினியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மாதங்கி ஒன்றும் கேட்கவில்லை. அவள்பாட்டுக்குச் சமையலறையில் போனில் ஏதோ ஸ்லோகம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆந்தை கேட்டாள்.

'அவ போனப்புறம் கென்ஜோ ஒரு தடவையாவது வருத்தப்பட்டானா? காட்டவே இல்லையே.'

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. சுவரில் இருந்து அப்போதுதான் ஒரு படம் கழன்று விழுந்திருந்தது. அவள் பத்தாவது படிக்கும்போது வரைந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு நான். அதைக் கையில் வைத்துக்கொண்டே எழுதினேன்.

'அடுத்த நிமிஷமே வருத்தப்பட்டான். செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினான். அதற்குள் டாக்ஸி போய்விட்டது.'

பதில் வந்தது.

'டாக்ஸியா? எந்த எபிசோட்ல?'

அதற்கு மேல் என்னால் கரிகாலனாக இருக்க முடியவில்லை. எழுதினேன். கோபத்தில் சொன்னது தப்பு என்று எழுதினேன். அவள் வரைகிறது எனக்குப் புரியாததால் பயந்துபோனேன், பயந்தவனுக்குக் கத்தத்தான் தெரியும் என்று எழுதினேன். அவள் அறையில் ஒரு படத்தையும் கீழே கிடக்க விட்டதில்லை என்று எழுதினேன். மன்னித்துவிடு என்றும் எழுதிவிட்டேன். கடைசியில், பழக்க தோஷம், 'தங்கள் உண்மையுள்ள' என்று முடித்திருந்தேன்.

ஆந்தை பதில் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதங்கி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். என்னையே பார்த்தாள்.

"நன்னா எழுதியிருக்கேள்" என்றாள்.

"எதை?"

"'தங்கள் உண்மையுள்ள' மட்டும் வேண்டாம்னு எடுத்துட்டேன். பாக்கியை அப்படியே அவளுக்கு அனுப்பிட்டேன்."

"எவளுக்கு?"

"ஹம்சினிக்கு."

"அவளுக்கு எதுக்கு அனுப்பணும்? அவகிட்டதானே நான் எழுதினதே!"

"அவ எங்க அந்தக் குழுவுல இருக்கா? அவளுக்கு இருக்கற வேலைக்குச் சாப்பிடவே நேரம் இல்லை."

"அப்போ ஆந்தை?"

மாதங்கி என் தம்ளரில் விழுந்திருந்த எறும்பை விரலால் எடுத்துப் போட்டாள்.

"ஆறு மாசமா நான்தான்னா. அவ பாக்கற தொடராச்சேன்னு ஆரம்பிச்சேன். அப்புறம் விட முடியலை."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆறு மாதமாக இவள் சமையலறையில் யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்பதுகூடத் தெரியாத ஒருத்தனுக்கு எந்த முகத்தோடு கோபம் வரும்?

"மோசடி" என்றேன். ரொம்பச் சன்னமாக.

"திருச்சிக்காரர் சொல்றார்" என்றாள்.

போன் அடித்தது. மாதங்கி பால்கனிக்குப் போகவில்லை. என் கையில் கொடுத்தாள்.

"அப்பா" என்றாள் ஹம்சினி.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிக்னலை வீணாக்கினோம்.

"செருப்புப் போடாமயா ஓடி வந்தே?" என்றாள்.

"ஆமா."

"நான் திரும்பியே பாக்கலைப்பா."

"பரவாயில்லை" என்றேன். "இங்க மழை" என்றேன். "உன் படமெல்லாம் அப்படியே இருக்கு" என்றேன். பிறகு, தைரியத்தைத் திரட்டிக்கொண்டு, "வாயேன்" என்றேன்.

"வெள்ளிக்கிழமை வரேன். ரெண்டு நாள் இருப்பேன். அப்புறம் அம்மாவை அழைச்சிண்டு கிளம்பணும்."

"அம்மாவையா? எங்க?"

"அம்மா சொல்லலியா?" என்றாள் ஹம்சினி. "சரி, நீங்க பேசிக்கோங்கோ." இந்தத் தடவை நிஜமாகவே வேலை இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மாதங்கி மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள்.

"ஒழுங்கா சாப்பிடறதில்லைன்னா அவ. இளைச்சுட்டா. நான் போய்க் கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன்."

"கொஞ்ச நாள்னா?"

"தீபாவளி வரைக்கும்."

"நாலு மாசம் நான் இங்க தனியா என்ன பண்றது?"

"அதுக்குத்தானே இவ்வளவு பாடுபட்டேன்? நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்தா நான் எப்படிக் கிளம்பறது? இப்போ நீங்களே தினம் பேசிக்கலாம்."

ஒருத்தி வருகிறாள் என்று சந்தோஷப்பட எனக்குக் கிடைத்த அவகாசம், அரை தம்ளர் காபி. தாளை வாங்கிப் பார்த்தேன். ஹௌராவிலிருந்து புனே, இரண்டு பேர், கீழ்ப் படுக்கை ஒன்று, நடுப் படுக்கை ஒன்று. டிக்கெட் எடுத்த தேதி ஜூன் இரண்டு.

நான் அந்தக் குழுவில் சேர்ந்ததே ஜூன் இருபதாம் தேதிதான்.