கார்டுசாமி குடிக்காத காபி

கம்ப்யூட்டரைத் தன் பேச்சைக் கேட்க வைத்தவர்கள் பலர் உண்டு. கம்ப்யூட்டரின் விதிப்படி காபி குடித்தவர் உலகத்திலேயே எங்கள் கார்டுசாமி ஒருவர்தான்.

அறுபதுகளில் எங்கள் பெங்களூர் ஆபீசில் கம்ப்யூட்டருக்கான அட்டைகளில் ஓட்டை போடுகிற வேலை அவருக்கு. போட்டுப் போட்டே, யாரும் சொல்லித்தராமல், புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். சட்டைப் பையில் எப்போதும் துருத்திக்கொண்டிருந்த அட்டைகளால் வந்த பெயர் அது.

ஒருநாள் மேலதிகாரி அவரிடம் ஒரு வெளிநாட்டுக் கையேட்டை நீட்டினார். இன்று பிள்ளைகள் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்கிறார்களே, அதன் கொள்ளுத்தாத்தா அதில் இருந்தது. விதிகள் இரண்டு. ஒருமுறை வைத்த மதிப்பை மாற்றக் கூடாது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதை, புரோகிராம் தன்னைத்தானே கூப்பிட்டுச் செய்ய வேண்டும்.

"சனிக்கிழமைக்குள்ள இப்படி ஒரு புரோகிராமை ஓட்டிக் காட்டும். உம்மைப் புரோகிராமர் ஆக்கறேன். இல்லேன்னா மறுபடியும் ஓட்டைதான்" என்றார்.

கார்டுசாமி முதல் விதியைக் கேன்டீனுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"அண்ணா, சக்கரை கம்மியா? போடட்டுமா?" என்றான் சர்வர்.

"தொடாதே! ஊத்தினதை மாத்தக் கூடாது. சக்கரை போட்ட வேற காபி கொண்டா."

"அப்போ இது?"

அவர் கை என் பக்கம் நீளும். அந்த வாரம் கசப்புக் காபியாகக் குடித்துத் தீர்த்த பாவி நான்தான்.

இரண்டாவது விதிதான் படுத்தியது. புரோகிராம் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டே போகும். மெஷின் மூச்சு முட்டிப் படுத்துவிடும். வெள்ளிக்கிழமை மனுஷனுக்குச் சோறே இறங்கவில்லை. எனக்கும்தான், அத்தனை கசப்புக் காபியில்.

சனிக்கிழமை காலை எங்கள் ஸ்ரீராம்புரம் தெருக்குழாயில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் குடத்தோடு கார்டுசாமி. திடீரென்று தனக்கு முன்னால் நின்றவரைத் தட்டினார்.

"உங்க முன்னாடி எத்தனை பேரு? தெரியலைன்னா, முன்னாடி நிக்கறவரை இதே மாதிரி கேளுங்க. அவர் சொல்றதோட ஒண்ணைக் கூட்டி எனக்குச் சொல்லுங்க."

கேள்வி ஆள் மாற்றி ஆள் போய்க் குழாயடியில் நின்ற முனியம்மாவைத் தொட்டது. வந்தது கத்தல்தான்.

"எவன்யா அவன்? நான் யாரைக் கேக்கறது, நல்லியையா, இந்தக் கொழாயையா? என் முன்னாடி யாரும் இல்ல, அவ்ளோதான்! ஸ்வல்ப தண்ணி புடிக்க வுடுங்கப்பா!"

கார்டுசாமி துள்ளினார். "யாரும் இல்லைன்னா அவ்ளோதான்! எங்க நிக்கணும்னு நான் மெஷினுக்குச் சொல்லவே இல்லையேய்யா!"

குடத்தை என் தலையில் கட்டிவிட்டு ஆபீசுக்கு ஓடினார். மத்தியானத்துக்குள் மெஷின் சரியான விடையை அச்சடித்துத் தள்ளியது. மேலதிகாரி கைகுலுக்கினார். திங்கட்கிழமை புரோகிராமர் கார்டுசாமி, முனியம்மா கையில் மைசூர்பாகுப் பொட்டலத்தை வைத்தார்.

"நான் திட்டத்தானே செஞ்சேன் சாமி?"

"அதுக்குத்தாம்மா."

இன்றும் எந்த வரிசையில் நின்றாலும், முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி வைத்துக்கொள்கிறேன். பின்னாலிருந்து அவர் கேட்டுவிட்டால் சட்டென்று சொல்ல வேண்டுமே.