வடக்கே போகும் வண்டியில் தெற்கே பார்த்த அம்மு

கராடி, புனே
13-7-2007, வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி கிருஷ்ணஸ்வாமி அவர்களுக்கு, பட்டாபிராமன் அனேக நமஸ்காரம்.

இங்கு நானும் பாமாவும் தங்கள் மாப்பிள்ளை மாதவும், நேற்று வந்து சேர்ந்த தங்கள் பெண் வைஷுவும், பேத்தி அம்முவும் சௌக்கியம். அங்கு தாங்களும் லலிதா மாமியும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். தங்களுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் இந்தக் கடிதத்தை யார் படிப்பது? கோந்த்வாவுக்கும் கராடிக்கும் நடுவில் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை, போனில் சொன்னால் போதாதா என்று பாமா கேட்டாள். போனில் தாங்கள்தான் பேசுவீர்கள், நான் ஊம் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். நியூஜெர்சியில் பிள்ளையாத்தில் ஆறு மாசம் இருந்துவிட்டு, போகும்போது ஊறுகாய் கொண்டுபோன அதே அட்டைப்பெட்டியில் தாங்கள் கொண்டுவந்த, காரில் மாட்டுகிற குழந்தை சீட்டை நாளைக்குத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். அம்முவுக்குத் தடுப்பூசி போட அங்கே டாக்டரிடம் வருகிறோம். ஊசி ஆனதும் சீட்டும் இந்தக் கடிதமும் தங்கள் வாசலில் இறங்கும். ஏன் என்று கேட்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

தலைப்பிரசவம் பெண்ணாத்தில் நடப்பது நம் வழக்கம். மூணு மாசம் ஆனதும் தாயும் சேயும் புக்ககம் வருவதும் வழக்கம். வர்ற செவ்வாய்க்கிழமை ஆடி பிறக்கிறது. அதற்குள் அழைத்து வராவிட்டால் ஆவணி வரைக்கும் நான் பேத்தி முகத்தைப் பார்க்க, போட்டோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்துதானே தாங்கள் போன வாரம் போனில் அந்தக் குண்டைப் போட்டீர்கள்? "பட்டாபி, ஆட்டோவில எல்லாம் என் பேத்தியை அனுப்ப மாட்டேன். சீட்டை பெல்ட் போட்டு மாட்டின வண்டி வந்து நின்னாத்தான் குழந்தை மாடியை விட்டுக் கீழே இறங்கும். அமெரிக்காவில இது இல்லேன்னா ஆஸ்பத்திரியிலேர்ந்தே விட மாட்டான்!" இது அமெரிக்கா இல்லை ஐயா, கோந்த்வா. தாங்கள் பாங்கில் மானேஜராக இருந்த காலத்தில் தங்கள் பெண்ணை ஸ்கூட்டரில் முன்னாடி நிற்க வைத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினதை மாமியே என்னிடம் சொல்லியிருக்கிறாள். அமெரிக்கா போகிற ஜோரில், கையில் இருந்த காரையும் விற்றுவிட்டீர்கள். ஆகக்கூடி ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்து பெல்ட் உள்ள வண்டி என்று ஒன்று இருந்தால் அது மாதவின் பிக்கப்தான். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அவன் கராடி கம்பெனி கான்டீன்களுக்கு இட்லி மாவு சப்ளை செய்கிற வண்டி. கல்யாணத்தன்று தங்கள் உறவுக்காரர்களிடம் மாவு வண்டி, மாவு வண்டி என்று சொல்லிச் சிரித்தீர்களே, சாக்ஷாத் அதுவேதான்.

எனக்கா மாட்டத் தெரியாது? முப்பத்துநாலு வருஷம் கட்கி தளவாடத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவன். நூலளவு ஆட்டம் இருந்தால் ஒரு லாட் சாமானையே திருப்பி அனுப்பியவன். தாங்கள் கொடுத்தனுப்பின பெட்டியைப் பிரித்தேன். குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டிக்குக் கைப்பிடி வைத்த மாதிரி ஒரு சாமான், அதோடு நாற்பது பக்கத்துக்கு ஒரு புஸ்தகம். அதில் நாலு கதவு கார் இருக்கிறது, ஆறு கதவு வேன் இருக்கிறது. முன்னாடி ஒரே ஒரு பெஞ்சு, நடுவில் கியர், பின்னாடி திறந்த தொட்டி, அதில் எட்டு மாவு டிரம் என்று ஒரு படம்கூட இல்லை. எழுதினவன் இட்லி தின்றதில்லை போலிருக்கிறது. சரி, பெல்ட்டை இழுத்து மாட்டலாம் என்று கையை விட்டுத் துழாவினால் பெல்ட்டே இல்லை! "எங்கேடா பெல்ட்டு?" என்று மாதவைக் கேட்டேன். "அது சும்மாதானேப்பா தொங்கிண்டிருந்தது, டிரம் உருளாம இருக்க அறுத்துக் கட்டிட்டேன்" என்கிறான். மாவுக்கு பெல்ட் போட்டிருக்கிறான், மனுஷனுக்கு இல்லை. அதை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி கேம்ப் கடைத்தெருவில் சீட் கவர் தைக்கிற இஸ்மாயில் பாயிடம் போனோம். அவர் பெல்ட்டை மோந்து பார்த்தார். புளித்த வாடை. "சாச்சா, இது பெல்ட்டா, தோசையா?" என்று ஹிந்தியில் கேட்டுவிட்டு அதைத் தூர எறிந்தார். புதுசு ஒன்று எடுத்து, தரையில் ஓட்டை போட்டு, அடியில் இரும்புத் தகடு கொடுத்து, ரெண்டு போல்ட் முறுக்கினார். நானும் பக்கத்தில் நின்று சரிபார்த்தேன். அதில் தங்களுக்கோ தங்கள் அமெரிக்காவுக்கோ ஒரு பங்கும் கிடையாது, இதை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சோதனை. சோதிக்காத சாமான் என் கையைத் தாண்டி வெளியே போனதில்லை. அம்மு எடைக்குச் சரியாக அஞ்சரை கிலோ உளுந்தைத் துணிப்பையில் கட்டி, சீட்டில் படுக்க வைத்து, வாரைப் போட்டு, எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டி வாசல் ஸ்பீட் பிரேக்கரில் வண்டியை ஏற்றி இறக்கச் சொன்னேன் மாதவிடம். சீட் அசையவில்லை, ஆனால் பை பிய்ந்துபோய் உளுந்தெல்லாம் சீட்டின் சந்து பொந்தில் போய் உட்கார்ந்துகொண்டது. நேற்று ராத்திரி அம்முவின் தொடை மடிப்பிலிருந்துகூட வைஷு ஒரு உளுந்து எடுத்தாள். எடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அசல் தங்கள் பார்வை.

இது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். பஞ்சாங்கம் பார்த்து, புதன்கிழமை வடக்கே சூலம், ஆகவே வியாழக்கிழமை பத்தரைக்கு மேல் கிளம்பலாம் என்று நாள் வைத்தேன். கோந்த்வாவிலிருந்து கராடி வடக்கே. வியாழனுக்குத் தெற்கேதான் சூலம். பழுதில்லை. புதன்கிழமை சாயந்திரம் அந்தப் புஸ்தகத்தை பாமா தற்செயலாகப் புரட்டிவிட்டு, "ஏன்னா, இதென்ன குழந்தை பின்பக்கம் பார்த்துண்டு உட்காந்திருக்கு?" என்று கேட்டாளே பார்க்கலாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டி வடக்கே போகும். நாங்கள் எல்லோரும் வடக்கே பார்த்துப் போவோம். குழந்தை மட்டும் தெற்கே பார்த்துப் போகும். அதுவும் வியாழக்கிழமை! முதன்முதலாகப் புக்ககம் வருகிற குழந்தை, புறப்பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டு, எமன் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு, சூலத்துக்கு எதிரே வந்து இறங்குமாம். சீட்டைத் திருப்பிப் போடலாம் என்றால் கூடவே கூடாது என்று புஸ்தகத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறான். தங்களுக்குப் போன் செய்தால், "பின்னாடி பார்த்துத்தான் வரணும் பட்டாபி, அதான் சயன்ஸ்" என்று வைத்துவிட்டீர். உம்மைப் போய்க் கேட்டேன் பாரும்! மாதவ் சிரித்துக்கொண்டே, "அப்போ வண்டியை ரிவர்ஸ்ல ஓட்டிண்டு வரேன்ப்பா, குழந்தை முன்னாடி பார்த்துண்டு வரும்" என்றான். அவன் கேலிக்குத்தான் சொன்னான். ஆனால் யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் புத்தியோடு பேசினது அவன் ஒருத்தன்தான்.

நேற்று நடந்ததைக் கேளும். சூலத்துக்குப் பரிகாரமாக பாமா ஒரு சின்னச் சீசாவில் நல்லெண்ணெய் கொடுத்தனுப்பியிருந்தாள். உம்ம வாசலில் வைத்து ஒரு சொட்டுதான் விட்டேன். அது நேரே பெல்ட் கொக்கிக்குள் போய்விட்டது. மாட்டினால் நழுவுகிறது, நழுவினால் மாட்டுகிறேன். வைஷு துப்பட்டாவால் அரைமணி துடைத்தாள். நீர் குடையைப் பிடித்துக்கொண்டு, "நியூஜெர்சியில எண்ணெய் எல்லாம் விட மாட்டா" என்று ஒரு வார்த்தை சொன்னீரே, அப்போது லலிதா மாமி மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் மீதி எண்ணெய் எங்கே போயிருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒருவழியாக மாட்டினோம். மாதவ் ஓட்டுகிறான், நடுவில் கியரை முழங்காலால் இடித்துக்கொண்டு வைஷு, ஓரத்தில் மகாராணி. எனக்கு எங்கே இடம்? பின்னாடி தொட்டியில், தார்ப்பாய்க்குக் கீழே, மாவு டிரம்களோடு! அறுபத்து மூணு வயசில், பேத்தியை அழைத்து வருகிற தாத்தா, டிரம்மோடு டிரம்மாக! முண்டுவா பாலத்தில் ஒரு பஸ்காரன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

கராடி வந்தது. சொசைட்டி கேட்டுக்கு முன்னாடி தார்ப்பாயை விலக்கி எழுந்து நின்று, கேபினைத் தட்டி, "திருப்புடா!" என்றேன். மாதவும் திருப்பினான். வண்டி மூக்கு தெற்கே, பின்புறம் வடக்கே. இனி பின்னாலேயே போனால் குழந்தை வடக்கே பார்த்து, முன் நோக்கி, லட்சணமாக வீட்டுக்குள் நுழையும். நான் "வா, வா, வா" என்று கையசைக்கிறேன், ரிவர்ஸ் விளக்கு கண் சிமிட்டுகிறது, வாட்ச்மேன் விசில் ஊதுகிறான், மாடி மாடியாக ஜனம் பால்கனியில் நின்று பார்க்கிறது. செயலாளரின் ரோஜாத் தொட்டிகள் அஞ்சும் சக்கரத்துக்கு அடியில் போயின. அவர் மராட்டியில் என்னென்னவோ சொன்னார், சுப காரியத்தில் அதையெல்லாம் காதில் வாங்கக் கூடாது. போர்ட்டிகோவில் பாமா ஆரத்தித் தட்டோடு கண்ணை மூடிக்கொண்டு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி பின்பக்கமாக வந்து நிற்கும் என்று யார் அவளிடம் சொன்னார்கள்? கண்ணைத் திறக்காமலே மூணு சுற்று சுற்றிவிட்டாள். ஆரத்தி எனக்கும் எட்டு மாவு டிரம்முக்கும் ஆயிற்று. நெற்றியில் பொட்டும் வைத்துவிட்டாள். கண்ணைத் திறந்து பார்த்து, "நீங்களா!" என்று அவள் அலுத்துக்கொண்டதை இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன்.

ஆகவே, தாங்கள் கொண்டுவந்த சீட்டைத் தாங்களே வைத்துக்கொண்டு, அதில் உட்கார்ந்து அமெரிக்காவை நினைத்துக்கொண்டிருக்கலாம். என் பேத்தி இனிமேல் ஆட்டோவில், மடியில், நேர் முகமாகப் போவாள். நான் எழுதியதில் கடுமை ஏதாவது தென்பட்டால் அது மழையில் நனைந்த ஜலதோஷம் என்று எண்ணிக்கொள்ளவும். லலிதா மாமிக்கு எங்கள் இருவரின் நமஸ்காரங்கள். தங்கள் முழங்கால் வலி குறையப் பிரார்த்திக்கிறேன். குழந்தைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பட்டாபிராமன்

பி.கு. சனிக்கிழமை சாயந்திரம். சீட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்தக் கடிதம் சட்டைப் பையில் இருக்க, காலையில் மறுபடி பின்னாடி தொட்டியில்தான் வந்தேன். முண்டுவா பாலம் இறங்கினதும் தண்ணீர் லாரி ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் குறுக்கே திரும்பிற்று. மாதவ் பிரேக்கை அழுத்தின வேகத்தில் ரெண்டு டிரம் என் மேலே, நான் கேபின் கண்ணாடி மேலே. வைஷு முன்னாடி போய் இடித்துக்கொண்டு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, கவலைப்படும்படி இல்லை. அந்தக் குழந்தை அவள் மடியில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு இப்போது எழுதவும் கை வரவில்லை. சீட் நூலளவு அசையவில்லை சம்பந்தி. நூலளவு. தலைமேல் மாவோடு இருந்த என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்து அம்மு வாய்விட்டுச் சிரித்தாள். சத்தம் போட்டு அவள் சிரிப்பது இதுதான் முதல் தடவையாம், வைஷு சொல்கிறாள்.

குழந்தை டாக்டரே என் நெற்றிக்கு ரெண்டு தையல் போட்டு, கரடி படம் போட்ட பிளாஸ்திரி ஒட்டினார். அதோடு தங்கள் வீட்டு வாசலை மிதிக்க மனமில்லாமல் அப்படியே திரும்பிவிட்டோம், மன்னிக்கவும். இன்னொன்றும் மேலே எழுதாமல் விட்டுவிட்டேன். வியாழக்கிழமை கோந்த்வாவிலிருந்து கராடி வரைக்கும், முன்னாடி உட்கார்ந்த ரெண்டு பேரும் ரோட்டைத்தான் பார்த்தார்கள். பின்னாடி பார்த்து உட்கார்ந்த குழந்தை வழி பூராவும் பார்த்தது என் முகத்தைத்தான். தார்ப்பாயை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

புஸ்தகத்தில் கடைசிப் பக்கத்தில், ஒரு வயசுக்கு அப்புறம் குழந்தையை முன்னாடி பார்த்து உட்கார வைக்கலாம் என்று எழுதியிருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும்? மூணு, நாலு வயசு வரைக்கும் பின்னாடி பார்த்தே உட்காருகிற மாதிரி பெரிய சீட் நியூஜெர்சியில் கிடைக்குமா என்று தங்கள் பிள்ளையிடம் விசாரித்துச் சொல்லவும்.