நடமாடும் மாளிகையின் ஒற்றை விளக்கு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1957-ம் வருஷக் குற்றாலம் சீசனின் மகத்தான நிகழ்ச்சி அருவியில் நடக்கவில்லை. ஒரு பழைய மிலிட்டரி ஆம்புலன்ஸின் கூரையில் நடந்தது. அங்கே இருந்த ஒரே பல்பு அணைந்தது.

அந்த வண்டியை ஏலத்தில் எடுத்து, கட்டில், ஸ்டவ், ஜன்னல் திரை எல்லாம் போட்டு, 'நடமாடும் மாளிகை' என்று பெயரும் எழுதியவர் ராமசேஷன். ஓய்வுபெற்ற எலெக்ட்ரிகல் இன்ஸ்பெக்டர். ஐந்தருவிப் பாதைக்கு விளக்குப் போட ஒரு கமிட்டி வரப்போகிறது. அதற்குத் தலைவராகவே தாம் பிறந்ததாக அவர் எண்ணம். கமிட்டியை நியமிக்கும் கலெக்டர், சனிக்கிழமை மாலை இந்த மாளிகைக்குக் காபி சாப்பிட வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். பல்பு போனது புதன்கிழமை.

தம் சர்வீஸில் எந்தப் பல்பும் இப்படி நடந்துகொண்டதில்லை என்று மனைவி ருக்மிணியிடம் சொல்லிவிட்டு, குதிரை வண்டி பிடித்துத் தென்காசிக்குப் போய் மெக்கானிக் பிச்சைமணியைக் கூட்டி வந்தார். அந்நிய ஆண் உள்ளே ஏறுகிறானே என்று ருக்மிணி ஒரு கூடையை எடுத்துக்கொண்டு இறங்கி நின்றாள். பிச்சைமணி சுவிட்சைப் போட்டான். பளிச்சென்று எரிந்தது.

"எரியத்தானே செய்யுது, சாமி?"

ராமசேஷன் சுவிட்சை மூன்று தடவை போட்டு அணைத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை அருவிக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் மறுபடி இருட்டு. இனி மெக்கானிக்கை நம்புவதற்கில்லை என்று அவரே ஸ்குரூ டிரைவரை எடுத்தார். அதன் பிறகு சுவிட்சைப் போட்டால் ஹாரன் அடித்தது. பிச்சைமணி வந்து, அவர் சரிசெய்ததைச் சரிசெய்தான். பல்பு எரிந்தது. அவன் போன மறுநாள் காலை அணைந்தது. பாட்டரிதான் குற்றவாளி என்று அதைத் தூக்கியதில், ஆசிட் சிந்தி, கலெக்டருக்காக வைத்திருந்த கோட்டில் தோசை அளவுக்கு ஓட்டை விழுந்தது.

மூன்றாம் தடவை வந்த பிச்சைமணிக்குப் பொறுமை போயிற்று.

"வண்டிக்கு ஒரு சீக்கும் இல்லே, சாமி. நான் வந்தா எரியுது, போனா அணையுது. பேசாம என்னைய இங்கனயே கட்டிப் போடுங்க."

முப்பது வருஷம் மின்சாரத்தோடு வாழ்ந்த மனிதர் இதை வெகு நேரம் யோசித்தார். சனிக்கிழமை மாலை, காக்கித் தொப்பியோடு பிச்சைமணி முன் சீட்டில் உட்கார்த்தி வைக்கப்பட்டான். பல்பு ஜொலித்தது.

கலெக்டர் அருவியிலிருந்து நேரே வந்தார். கோட்டு ஓட்டையைக் கையால் மறைத்துக்கொண்டு ராமசேஷன் தொடங்கினார்: "மின்சாரம் சிப்பந்தி மாதிரி, சார். மேலதிகாரி பார்வை இருந்தா ஒழுங்கா இருக்கும்."

கலெக்டர் தலையாட்டிக்கொண்டே, கூரைக்குக் கீழே ஓடிய துணி சுற்றிய கம்பியில் தம் ஈரத் துண்டைப் போட்டார்.

இருட்டு.

"நான் இங்கனதான் இருக்கேன், சாமி" என்றது முன் சீட்டு.

கலெக்டர் துண்டை எடுத்தார், எரிந்தது. போட்டார், அணைந்தது. துணி உறைக்குள்ளே எங்கோ அறுந்திருந்த மின்சாரக் கம்பி, பாரம் ஏறினால் விலகியது, இறங்கினால் ஒட்டிக்கொண்டது. இதைக் கண்டுபிடிக்க அவருக்கு அரை நிமிஷம் ஆயிற்று.

"கமிட்டி விஷயம் அப்புறம் பார்ப்போம், மிஸ்டர் ராமசேஷன்."

காபி டம்ளரோடு நின்ற ருக்மிணி மெல்லச் சொன்னாள்:

"ஏன்னா, தப்பு என் பேர்லதான். கொடிக்கயிறுன்னு நினைச்சு, தினம் உங்க ஈரக் கோவணத்தையும் வேஷ்டியையும் அதுலதான் காயப்போட்டேன். மெக்கானிக் வரச்சே மட்டும் எடுத்துக் கூடையில வச்சுடுவேன்."