மாப்பிள்ளை மாற்றிய டிஎன்எஸ்

கொங்குநாட்டுக்காரர்களுக்கு, வீடு தீப்பிடித்தால்கூட அந்தத் தீயிடம் "கொஞ்சம் அணைஞ்சுக்கறீங்களா" என்று கேட்டுத்தான் பழக்கம். வீட்டு மாப்பிள்ளையிடம் "வேண்டாம்" என்று சொல்வதெல்லாம் நடக்கிற காரியமா? (எனக்குக் கிடைக்கவிருந்த வேலை போனது இப்படித்தான்.)

சூலூரில் எங்கள் வீடு. படித்து முடித்து வெகுநாள் காத்திருந்தபின், பெங்களூர் கம்பெனி ஒன்றில் நெட்வொர்க் வேலைக்கு ஒரே ஓர் அழைப்பு வந்திருந்தது. பதினோரு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. அன்று பார்த்து அக்காவும் அவளுடைய புது மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தார்கள்.

"நெட்டு மெதுவா வருதே அம்மணி. டிஎன்எஸ் மாத்துனாப் பறக்கும்" என்று அந்த மாப்பிள்ளை மாமா என் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் வைஃபை, அதற்குள் இணையதளங்களுக்கு விலாசம் தேடித்தரும் டிஎன்எஸ். எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகத் தெரிந்த இடம். (தெரிந்து என்ன புண்ணியம்?) மாமா ப்ளூடூத், பிரின்டர் எல்லாம் சுற்றிப்பார்த்துவிட்டு அங்கே வந்து சேர்ந்தார். ஆட்டோமேட்டிக் என்று இருந்ததை மாற்றி, ஞாபகத்திலிருந்து ஏதோ எண்களைப் போட்டார். நெட் நின்றுவிட்டது.

"பழையபடி வெச்சரலாமுங்களா மாமா?"

"பொறு அம்மணி."

நான் மவுஸை நோக்கிக் கையை நீட்டினேன். அப்பா முறைத்தார். "மாப்ள பாக்கறாரல்ல கண்ணு, சும்மா இரு."

அம்மா தன் பங்குக்கு, "இன்னொரு காப்பி குடிக்கறீங்களா மாப்ள?" என்றார். குடித்தார். எழுந்திருக்கத்தான் இல்லை.

பதினோரு மணிக்குப் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் சிக்னல் அங்கேதான் கிடைக்கும். பக்கத்து விசைத்தறிச் சத்தமும் அங்கேதான் அதிகம். இன்டர்வியூ எடுத்த மேடம் கேட்ட கேள்வி எதுவும் காதில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் "சரிங்க மேடம்" என்றேன். கடைசியாகச் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"நெட்வொர்க் வேலைக்கு வர்றீங்க, உங்க நெட்டையே சரியா வெச்சுக்கலையேம்மா."

கீழே வந்தபோது மாமா இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். லேப்டாப்பில் பழையபடி ஆட்டோமேட்டிக் வைத்தேன். உடனே நெட் வந்துவிட்டது.

"பாத்தீங்களா! நான் போட்ட நம்பரு இப்பத்தான் புடிக்குது" என்றார் மாமா. அப்பா முகத்தில் பெருமை தாங்கவில்லை. நான் உள்ளே போய், துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன்.

இப்போது நான் தறிக்கு நூல் விற்கிற ஒரு கடையில் பில் போடுகிறேன். "மாப்ள வந்தாத்தான் சூலூருக்கே நெட்டு வரும்" என்பது எங்கள் வீட்டு விசேஷங்களில் தவறாமல் வரும் கேலி. சொந்தத்தில் யார் வீட்டில் நெட் நின்றாலும் மாமாவைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் உடனே எனக்குப் போன் செய்கிறார்.

"அம்மணி, அன்னைக்கு நான் எப்படிச் சரிபண்ணுனேன்?"

நானும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறேன், மரியாதையாக.