குடும்பத் தலைவரின் கர்ப்பப்பை

குமாசி நகரமே தீர்க்கதரிசி ஷாட்ராக்கின் கூடாரத்தில் கால் நனைக்க வரிசையில் நின்றது. உப்புத் தண்ணீர் நிரப்பிய பேசின். அதில் இரண்டு இரும்புக் கம்பிகள். கம்பிகளின் மறுமுனையில் ஒரு கார் பேட்டரி. பெயர் மட்டும் தேவதூதக் கம்பி. பெண்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாதங்களைப் பேசினில் வைப்பார்கள். சற்று நேரத்தில் தண்ணீர் பழுப்பாகும். கர்ப்பப்பை அழுக்கு இறங்கிவிட்டதாம். கர்ப்பப்பையிலிருந்து பாதத்துக்குக் குழாய் போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் பெரியவர் அமோவா, தோளிலிருந்து கணுக்கால்வரை சுற்றிய வண்ணக் கென்டேத் துணியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். குடும்பத் தலைவர். சபையில் செருப்புக் கழன்றால் தலைமையே கழன்றதாகப் பொருள். அதனால் கட்டிலுக்குக்கூடச் செருப்போடுதான் போவார்.

அவர்கள் குடும்பம் பெண்வழியாக நீள்வது. அதனால் அவர் பெற்ற பிள்ளைகள் மனைவி குடும்பத்தில் சேர்ந்துவிட்டார்கள். வம்சத்துக்கு மிச்சம் அக்காள் மகள் சேர்வா ஒருத்திதான். அவளுக்கோ மாதவிலக்கு தூரத்து உறவு மாதிரி எப்போதாவது வந்துபோகும். சினைப்பையில் நீர்க்கட்டி என்றார் டாக்டர். கிழங்கு இடித்த ஃபுஃபு உருண்டையைச் சின்னதாக்கு, இனிப்பு மால்ட் பானத்தை விடு, கீரையும் பயறும் சாப்பிடு, தினமும் நட என்றார்.

அமோவாவுக்கு மானம் போயிற்று. நம் வீட்டுப் பெண் தெருவில் நடப்பதா? காரை விற்றுவிட்டோம் என்று ஊர் பேசாதா? உருண்டை சிறுத்தால் குடும்பம் சிறுத்துவிட்டது என்பார்களே! கௌரவத்தைக் காக்க, தீர்க்கதரிசி ஜெபித்த மால்ட்டைப் பெட்டி பெட்டியாக அனுப்பினார். அவள் எடை ஏறியது. அவர் பெருமையும் ஏறியது.

"மாமா, ஒவ்வொரு வாரமும் கால் வெக்கிறேன். தங்கம் தோண்டுறவங்க கலக்கிவிட்ட நம்ம ஆறு மாதிரி அழுக்கு வந்துக்கிட்டே இருக்கு. எனக்குள்ளயும் யாராச்சும் திருட்டுத்தனமா தங்கம் தோண்டுறாங்களா?" என்றாள் சேர்வா.

"விசுவாசம் வேணும்மா."

"சரி. இன்னைக்கு என் முறைக்கு நீங்க உக்காருங்க."

"நானா? செருப்பைக் கழட்டிட்டா? பேசாம இரு."

"வம்சம் என்னோட முடிஞ்சிரும்னு நீங்கதானே புலம்புறீங்க? வம்சம் பெருசா, செருப்பு பெருசா?"

அமோவா செருப்பைப் பார்த்தார். அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. திரைக்குள் போனார்.

தீர்க்கதரிசிக்குக் கண் கூட்டத்தின் மேல், வாய் மைக்கின் மேல். காய்ப்புக் காய்த்த பாதங்களை அவர் பார்க்கவேயில்லை. தண்ணீர் பழுப்பானதும் முழங்கினார்: "மகளே சேர்வா! உன் வயித்துல இரட்டைப் புள்ளைங்க கதவைத் தட்டுது. பொறாமைக்காரி ஒருத்தி தாழ்ப்பாள் போட்டிருக்கா!"

சேர்வா திரையை விலக்கினாள். கென்டேயை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு குடும்பத் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஒரு கை வயிற்றின் மேல். அவரும் கொஞ்சம் நம்பிவிட்டிருந்தார்.

"பெரியவரே, பிரசவம் எப்போ?" என்றாள் மீன்காரி ஒருத்தி. கூடாரம் சிரிப்பில் ஆடியது.

தீர்க்கதரிசி சளைக்கவில்லை. "குடும்பத்து அழுக்கு தலைவர் வழியா இறங்குது," என்றார். பாதிக் கூட்டம் அதற்கும் ஆமென் போட்டது.

சேர்வா பேசினைக் கவிழ்த்தாள். புதுத் தண்ணீர் ஊற்றினாள், உப்புப் போட்டாள். "இப்ப யாரும் கால் வெக்காதீங்க." கம்பிகள் மட்டும் நின்றன. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் மெல்லப் பழுப்பானது.

"இது யாரு கர்ப்பப்பை, பேசினோடதா?" என்றாள் மீன்காரி.

"இரும்பு துருப்பிடிக்குதுக்கா. அவ்வளவுதான்."

தீர்க்கதரிசியைத் தேடினார்கள். பேட்டரியை விட்டுவிட்டு மறைந்துவிட்டிருந்தார். சேர்வா செருப்பை நீட்டினாள். "போட்டுக்குங்க மாமா. வீட்டுக்கு நடந்துதான் போறோம்."

இப்போது காலையில் இருவரும் நடக்கிறார்கள். சில மாதங்களில் அவளுக்கு மாதவிலக்கு ஒழுங்குக்கு வரத் தொடங்கியது. பிள்ளை எப்போது என்று கேட்பவர்களிடம் அமோவா, "இரட்டைப் புள்ளைங்க என் வயித்துலதானே இருக்கு, என்னைக் கேளுங்க," என்கிறார். பிறகு நிமிர்ந்து நின்று இதையும் சொல்கிறார்: "செருப்பைக் கழட்ட அவ்வளவு வெக்கப்பட்டேன். மூளையைக் கழட்டி கூடார வாசல்ல வெச்சிட்டுத்தான் உள்ள போனேன், அதுக்கு வெக்கப்படல. நீங்க எதைக் கழட்டிட்டுப் போறீங்கன்னு பாத்துக்குங்க."