மூன்று நிமிட மிஷின்

மிஷின் மூன்று நிமிடம் ஓடிவிட்டு நின்றது. காலையிலிருந்து இது நான்காவது தடவை.

பொன்ராஜ் கைப்பிடியை விடவில்லை. மல்லிகைச் செடிகளுக்கு நடுவே, பாதி களை எடுத்த வரிசையில் அப்படியே நின்றார். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் அவரிடமிருந்து சத்தம் வராது. பாலவனத்தத்தில் முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை நடத்துகிறவர் இவ்வளவு குறைவாகப் பேசி எப்படி வியாபாரம் செய்கிறார் என்பது ஊரில் பலருக்கும் புரியாத விஷயம்.

"நின்னுருச்சா?" கிணற்றடியிலிருந்து அவர் மனைவி சண்முகவடிவு கேட்டாள்.

அவர் குனிந்து எஞ்சினைப் பார்த்தார்.

"வாயத் திறந்தாத்தான் என்னவாம். நின்னுருச்சு, அதான?"

"ம்."

"அண்ணன் திருச்சுழி தாண்டிட்டாகளாம். இப்பத்தான் போன் வந்துச்சு."

அண்ணன் என்றால் நரிக்குடியில் இருக்கும் நவநீதகிருஷ்ணன். இந்தக் களை எடுக்கும் மிஷின் அவர் கொடுத்தது. போன வருடம் ஆயுத பூஜை கழிந்து ஒரு வாரத்தில், கொட்டுகிற மழையில், லோடு ஆட்டோவில் நனைந்துகொண்டு வந்து இறங்கியது. "பழசுன்னு நெனைக்காத மாப்ள. என் தங்கச்சி வீட்டுக்குன்னுதான் குடுக்குறேன்" என்றார் அப்போது. அதன்பிறகு கல்யாண வீடு, காதுகுத்து, துக்க வீடு என்று எங்கே பார்த்தாலும், "மிஷினு ஓடுதா மாப்ள?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டார். பொன்ராஜ் "ஓடுது மச்சான்" என்பார். ஒரு வருடத்தில் அவர் அதிகமாகப் பேசிய வாக்கியம் அதுதான்.

இன்று காலை ஆறு மணிக்கு நவநீதகிருஷ்ணன் போன் செய்தார். "மிஷின எடுத்துக்கிட்டுப் போக வாரேன் மாப்ள. இங்க ஒரு தேவை இருக்கு. நான் வார வரைக்கும் அதத் தொடாத. அப்படியே வச்சிரு."

தொடாதே என்று சொன்னது பொன்ராஜுக்குச் சுருக்கென்று பட்டது. கொடுத்தவர் கேட்கிறார், கொடுத்துவிடலாம். ஆனால் கொடுக்கும்போது அது ஓட வேண்டும். ஓடாவிட்டால், "நல்லா இருந்த மிஷின ஒரே வருசத்துல கொன்னுட்டாரு" என்ற பேச்சு நரிக்குடியில் தொடங்கி, சொந்தக்காரர்கள் இருக்கிற ஊரெல்லாம் சுற்றி, அவர் காலம் முடிந்த பிறகும் அவரைப் பற்றிப் பேச மிஞ்சியிருக்கும். எதற்கும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்றுதான் மிஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார்.

பெட்ரோல் மூடியைத் திறந்தார். "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்தது. டாங்கில் பாதி பெட்ரோல் இருந்தது. மூடினார், கயிற்றை இழுத்தார், ஓடியது, மூன்று நிமிடத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் இதேதான்.

"பெட்ரோல் காணாம இருக்கும். நெறையா ஊத்துங்க" என்றாள் சண்முகவடிவு.

விளிம்புவரை ஊற்றினார். இப்போது ஒரு நிமிடத்திலேயே நின்றது.

சண்முகவடிவு கிணற்றடியிலிருந்து எழுந்து வந்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "நேத்து கடையில ஆயுத பூஜை போட்டப்ப தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் எலுமிச்சம்பழம் வச்சோம். இதுக்குப் பொட்டு மட்டுந்தான், பழம் வைக்கல. மொத வருசப் பூஜை. அது மனசுல வச்சிக்கிட்டு நிக்குது."

"மிஷினுக்கு மனசா?"

"உங்களுக்கே இருக்குதுங்கிறாக. அதுக்கு இருக்காதா?"

அவள் வீட்டுக்குப் போய் எலுமிச்சம்பழமும் சந்தனக் கிண்ணமும் கொண்டுவந்தாள். நேற்று வைத்த பொட்டுகளின் மேலேயே, கைப்பிடியில், எஞ்சினில், டாங்கின் உச்சியில் என்று தாராளமாகச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தாள். பொன்ராஜ் கயிற்றை இழுத்தார். மிஷின் பழத்தை நசுக்கியது. அத்தோடு நின்றது.

பாண்டீஸ்வரனுக்குப் போன் போனது. அவன் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் பம்பு பார்க்கிற மெக்கானிக். பத்து நிமிடத்தில் வந்து, மிஷினை இரண்டு முறை சுற்றி வந்தான்.

"பிளக்கு பாத்தீகளா அண்ணாச்சி?"

"ம்."

"ஏர் ஃபில்டரு?"

"ம்."

"அப்ப கார்ப்பரேட்டருதான்."

கார்புரேட்டரைப் பிரித்தான். உள்ளிருந்து ஒரு சின்ன ஸ்பிரிங்கு துள்ளி மல்லிகைச் செடிக்குள் போனது. மூன்று பேரும் குனிந்து தேடினார்கள். சண்முகவடிவு கண்டெடுத்தாள். திரும்ப மாட்டிவிட்டு, பாண்டீஸ்வரன் பலமாகக் கயிற்றை இழுத்தான். கயிறு அறுந்து அவன் கையோடு வந்தது.

"பழைய கயிறு" என்றான், அதை ஆராய்ந்தபடி. "கெட்டியாக் கயிறு இருந்தா குடுங்க. ஒரு மீட்டரு போதும்."

தோட்டத்தில் கயிறு எதுவும் இல்லை. சண்முகவடிவின் பார்வை மெல்லத் தன் கணவரின் இடுப்புக்குப் போனது. பொன்ராஜின் அரைஞாண் கயிறு போன மாதம்தான் திருச்செந்தூரில் வாங்கியது. நல்ல தடிமன்.

"வேண்டாம்" என்றார் பொன்ராஜ்.

"அண்ணன் அருப்புக்கோட்டையில டீ குடிக்கிறாகளாம்" என்றாள் அவள்.

அவர் பம்பு ரூமுக்குள் போய்க் கயிற்றோடு வந்தார். அதன் பிறகு அவருடைய ஒரு கை வேட்டியைப் பிடித்தபடியே இருந்தது.

அரைஞாண் கயிற்றை இழுத்ததும் மிஷின் இரண்டு முறை இருமியது. அவ்வளவுதான். பாண்டீஸ்வரன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"எஞ்சினு போயிருச்சு அண்ணாச்சி. பிஸ்டனு தேஞ்சிருக்கும். கடையில வச்சி முழுசாப் பிரிக்கணும்."

"ஒரு மணி நேரத்துல ஆகுமா?"

"ஒரு வாரம்" என்றான் அவன். வேறொரு கிணற்றில் மோட்டார் காத்திருப்பதாகச் சொல்லி வண்டியை எடுத்தான்.

பொன்ராஜ் வரப்பில் உட்கார்ந்தார். சண்முகவடிவும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ரோட்டில் ஒரு பஸ் போனது. செடியில் தேனீ ஒன்று பூவுக்குள் தலையை விட்டு, எடுத்து, மறுபடி விட்டது.

செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் கையை நீட்டிப் பெட்ரோல் மூடியைத் திருகினார்.

"ஸ்ஸ்."

அவர் கை அப்படியே நின்றது.

இந்தச் சத்தத்தை அவர் முப்பது வருடமாகக் கேட்டிருக்கிறார். கடையில் எண்ணெய் டின்னுக்கு ஒரு ஓட்டை மட்டும் போட்டால், எண்ணெய் குளுக் குளுக்கென்று கொஞ்சம் வரும், பிறகு நின்றுவிடும். எதிர் மூலையில் இரண்டாவது ஓட்டை குத்தும்போது, டின் இப்படித்தான் மூச்சை உள்ளே இழுக்கும். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும்.

மூடியைக் கண்ணருகே கொண்டுபோனார். மேலே சந்தனம் அரை அங்குலத்துக்குக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினார். நேற்றைய குங்குமம் வந்தது. அதற்கும் அடியில், மூடியின் நடுவில், ஊசி முனை அளவுக்கு ஒரு பள்ளம்.

"ஊக்கு குடு."

அவள் தாலிக்கொடியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். "பூஜைக்கு வச்ச பொட்ட ஏன் சுரண்டுறீக?"

"அது மூச்சு விட வேண்டாமா? மூக்க அடைச்சி வச்சிருக்கோம். உள்ள காத்துப் போனாத்தான பெட்ரோல் எறங்கும்?"

அன்று காலையில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. அவள் யோசித்தாள். முகம் மாறியது.

"அப்ப, நான் வச்ச சந்தனந்தான் காரணமா?"

பொன்ராஜும் யோசித்தார்.

"பாண்டீஸ்வரன் சரியாப் பாக்கல" என்றார்.

அடைந்திருந்த ஓட்டையை ஊக்கால் குத்தித் திறந்து, மூடியை மாட்டிக் கயிற்றை இழுத்தார். மிஷின் ஓடியது. மூன்று நிமிடம் தாண்டியது. நான்கு தாண்டியது. வரிசையின் கடைசிக்குப் போய்த் திரும்பும்போது ரோட்டோரம் லோடு ஆட்டோ நிற்பது தெரிந்தது. நவநீதகிருஷ்ணன் அதிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தவர், வரப்பில் சட்டென்று நின்றுவிட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மிஷினைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

குறை தேடுகிறார் என்று பொன்ராஜுக்குத் தோன்றியது. ஒரு கையில் மிஷின், ஒரு கையில் வேட்டி. நிமிர்ந்து இன்னொரு வரிசைக்குள் திரும்பினார்.

"எப்ப இருந்தும்மா ஓடுது?" நவநீதகிருஷ்ணன் தங்கையிடம் கேட்டார்.

"விடிஞ்சதுல இருந்து ஓடுதுண்ணே."

"பூஜையில வச்சீகளா?"

"வைக்காம? நான்தான் பொட்டு வச்சேன்."

"நிக்கலையா?"

"அது எதுக்கு நிக்குது?"

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டுச் சொம்பு முழுக்கக் குடித்தார்.

கால் மணி நேரம் கழித்துப் பொன்ராஜ் மிஷினை நிறுத்தினார். அன்று முதல்முறையாக அவர் நிறுத்தி அது நின்றது.

"எடுத்துக்கிட்டுப் போங்க மச்சான்" என்றார். "நல்லா ஓடுது."

நவநீதகிருஷ்ணன் அவர் தோளில் கை வைத்தார். "வேண்டாம் மாப்ள. இங்கயே இருக்கட்டும். இனிமே நான் கேக்கவே மாட்டேன்." பிறகு காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்லித் தங்கையோடு வீட்டுப் பக்கம் நடந்தார். பின்னாலிருந்து பார்க்க, தலையில் இருந்த சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது.

பொன்ராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தேவை இருக்கிறது என்று லோடு ஆட்டோவோடு வந்தவர் ஏன் வெறும் வண்டியோடு திரும்பப்போகிறார்?

ஆட்டோ ஓட்டிவந்த பால்ச்சாமி மிஷினுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி அண்ணாச்சி இத ஓட வச்சீக?" என்றான். "நரிக்குடியில வருசா வருசம் பூஜைக்கு மறுநாளு நின்னுபோற மிஷினு இது. தங்கச்சி வீட்டுல நின்னு மானம் போறதுக்குள்ள தூக்கிட்டு வந்துரணும்னுதான அஞ்சு மணிக்கே என்னய எழுப்பிவிட்டாக."