வெற்றிலையில் தெரிந்த முதல் கேள்வி

அந்த வருஷம் ஸ்ரீரங்கத்தில் பெருமாளைச் சேவிக்க வந்த கூட்டத்தைவிட வரதானந்த சுவாமிகளைச் சேவிக்க வந்த கூட்டம் அதிகம். அத்தனையும் படித்த கூட்டம். பெயருக்குப் பின்னால் பி.ஏ., பி.எல். என்று வால் முளைத்தவர்கள் கோட்டும் தலைப்பாகையுமாக ஜட்காவில் வந்திறங்கி, அம்மா மண்டபம் சாலையில் வெயிலில் காய்ந்தார்கள். எதற்கு? வக்கீல் சன்னது வாங்குமுன் நடைமுறைச் சட்டப் பரீட்சை ஒன்று எழுத வேண்டும். அதன் முதல் கேள்வியைச் சுவாமிகள் தட்சிணை வாங்கிக்கொண்டு, வெற்றிலையில் மை தடவிப் பார்த்து, ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியாகச் சொல்வார். பாதி மார்க் அதற்குத்தான். மீதியை எந்த மடையன் படிப்பான்?

ஒரே நிபந்தனை, கேட்டதை வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டால் கேள்வி மாறிவிடும். போன வருஷம் தேறிய நாலு பேர் மாலையோடு வந்து காலில் விழுந்தார்கள். தோற்றவர்கள் பெண்டாட்டியிடம் உளறியிருப்பார்கள் என்றார் சுவாமிகள். அவர்களும் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியை முறைத்தார்கள்.

இந்தக் கூத்தைப் பாக்கியநாதனால் பொறுக்க முடியவில்லை. மேலப்புதூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சாரங்கபாணியோடு சேர்ந்து படிக்கிறவன் அவன். (அவனுடைய அத்தை டோரதி அவன் தேற வேண்டுமென்று பேனாவை மாதா கோவில் தீர்த்தத்தில் முக்கியெடுத்து நிப்பைத் துருப்பிடிக்க வைத்தது வேறு கதை.) சாரங்கபாணிக்கு இது மூன்றாவது தடவை. இதிலும் கோட்டைவிட்டால் மாமனாரின் நெய்க்கடைதான். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலிகூடப் போட்டாகிவிட்டது. அப்படிப்பட்டவன் பரீட்சை நெருங்குகிற நேரத்தில், ஒரே அத்தியாயத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"மத்ததையும் பாருப்பா," என்றான் பாக்கியநாதன்.

"சுவாமி சொன்னதுக்கு மேலே படிச்சா, அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும். அபசாரம்டா."

சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கப் போகிறவன் பேசுகிற பேச்சைப் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை பூஜையில் கூடம் நிறைந்திருந்தது. பாக்கியநாதனும் போய் உட்கார்ந்தான். ஆரத்தி முடிந்ததும் எழுந்து பணிவாகக் கேட்டான்.

"சாமி, பரீட்சைக்கு முதல் கேள்வி ஒண்ணுதானே?"

"ஒன்றே," என்றார் சுவாமிகள், கண்ணைத் திறக்காமல்.

"அப்ப இங்கே எல்லாருக்கும் தெரிஞ்சது அதே கேள்விதான். நான் கை தட்டினதும் எல்லாரும் ஒண்ணாச் சொல்லுங்க. தெரிஞ்சதையே கேட்டா ரகசியம் எப்படிங்க கெட்டுப்போகும்?"

சுவாமிகள் கண்ணைத் திறப்பதற்குள் கை தட்டிவிட்டான். கூடம் சந்தைக்கடையாயிற்று. ஒருவர் சம்மன் என்றார், ஒருவர் ஜப்தி என்றார், அப்பீல் என்றும் தடையுத்தரவு என்றும் நாலா பக்கமும் குரல் கிளம்பியது. சாரங்கபாணி "வாய்தா" என்று சொல்லிவிட்டு, திறந்த வாயை மூட மறந்தான்.

முதல் கேள்வியைக் கத்தரிக்காய் மாதிரி கூறு போட்டு விற்றிருக்கிறார்! எது வந்தாலும் நாலு பேருக்குப் பலிக்கும். அந்த நாலு பேர் போதும், அடுத்த வருஷக் கூட்டத்துக்கு.

பக்திக் குறைவால் மை கலைந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டே சுவாமிகள் எழுந்தார். உடனே கேஸ் போட வேண்டும் என்று கொதித்தது கூட்டம். அங்கேதான் வந்தது வினை. சம்மன் படித்தவருக்குப் பிராது எழுதத் தெரியவில்லை. ஜப்தி படித்தவர் தீர்ப்புக்கு முன்பே குத்துவிளக்கைத் தூக்கினார். அப்பீல்காரர், முதலில் கேஸ் தோற்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். இவர்கள் சண்டை தீர்வதற்குள் சுவாமிகள் பின்கட்டு வழியாகக் கொள்ளிடக் கரையைப் பிடித்துவிட்டார்.

சாரங்கபாணி சட்டப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சைக்கிளில் பின்னால் ஏறினான். "முதல்லேருந்து ஆரம்பிக்கலாமாடா? எனக்கு வாய்தா வாங்க மட்டுந்தான் தெரியும்."

"பரீட்சைக்கு வாய்தா கிடையாதுப்பா," என்று பாக்கியநாதன் மிதித்தான்.

சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யப் படித்த மகான்கள்! அத்தனை பேரில் ஒருவராவது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் "உமக்கு என்ன சொன்னார்?" என்று கேட்டிருந்தால் போதும். வெற்றிலையை அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தவர்களுக்குப் பக்கத்து ஆள் கண்ணில் படவில்லை. உங்கள் பக்கத்திலும் ஒருவர் இருப்பார், கேட்டுப் பாருங்கள்.